பாடம் மலையேறுமா?

கொல்லிமலையில் நாடு என்றால் தேசம் என்று அர்த்தமில்லை. சில சிற்றூர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. அப்படி மொத்தம் பதினான்கு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, திண்ணனூர் நாடு என்று நீளும் பட்டியலில் எடப்புளி நாடும் ஒன்று. போய்வர பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போதும். எண்ணிக்கொண்டே ஏறினால் முப்பதாவது வளைவுக்குள் வயிறு தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடும்.

இங்கே வசிப்பவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் நம் முன்னோர் என்று இவர்களுடைய வாய்மொழிக் கதை சொல்லும். ஒரு காலத்தில் சாமை, திணை, கேழ்வரகு என்று விளைந்த மலை. பிறகு மரவள்ளி வந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போக ஆரம்பித்தது. கையில் காசு வந்தது. சிறுதானியம் சுருங்கியது.

அந்த மரவள்ளியை வைத்தே விஷயத்துக்கு வருவோம்.

மரவள்ளியின் தோலையும் இலையையும் கண்டபடி ஆடு மாடு தின்றால் ஆபத்து என்று மலையில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். கிழங்கைத் தோலுரித்து, தண்ணீரில் போட்டு, வேகவைத்து, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்பதும் தெரியும். ஏன்? செடிக்குள் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதை உடைக்கிற லினமாரேஸ் என்ற என்சைமும் அதே செடிக்குள் இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு அறைகளில். செடி முழுசாக இருக்கும்வரை சந்திப்பு கிடையாது. இலையைக் கடித்தால், கிழங்கை நறுக்கினால் சுவர் உடையும். இரண்டும் கலக்கும். கடைசியில் வெளியே வருவது சயனைடு. அது உடம்புக்குள் போனால் செல்களில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி என்சைமைப் போய் அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். ஆனால் செல்லால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. சாப்பாடு எதிரே இருக்க, கையைக் கட்டிப்போட்ட மாதிரி.

இதுதான் பயோகெமிஸ்ட்ரி. தமிழில் உயிர்வேதியியல். எடப்புளி நாட்டில் ஒரு வீட்டுக் கொல்லையில் அன்றாடம் நடக்கிற விஷயம். ஆனால் அதைக் கல்லூரியில் ஒரு பாடமாகப் படிக்க வேண்டுமென்றால் மலையைவிட்டு இறங்கியாக வேண்டும். ஹாஸ்டல் வேண்டும். பஸ் காசு வேண்டும். அதைவிடப் பெரிதாக, வயசுப் பெண்ணை வெளியூருக்கு அனுப்பலாம் என்று அப்பாவும் அம்மாவும் முடிவெடுக்க வேண்டும்.

‘எதுக்கு இவ்வளவு கஷ்டம்? எல்லாம்தான் ஆன்லைன்ல வந்துடுச்சே, வீட்லயே படிச்சுக்கலாமே?’

யாரும் சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய வாக்கியம். இந்த வாக்கியத்துக்கு அறுபது வருட வரலாறு இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் அதை வெவ்வேறு கருவியைக் காட்டிச் சொல்லியிருக்கிறது. முதலில் தபால்பெட்டி. அப்புறம் டெலிவிஷன். அப்புறம் செயற்கைக்கோள். கடைசியாக செல்போன். ஒவ்வொரு முறையும் பாடம் கிளம்பியது நிஜம். போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் தபால்வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தப் புண்ணியத்தை 1971-ல் கட்டிக்கொண்டது அன்றைய மதுரைப் பல்கலைக்கழகம். எத்தனை குமாஸ்தாக்கள், எத்தனை கண்டக்டர்கள், எத்தனை கல்யாணமான பெண்கள் அதில் பட்டதாரி ஆனார்கள்! அடியேன் படித்த பி.காம் மாதிரியான படிப்புகளுக்குத் தபால் தாராளமாகப் போதும். பேரேடும் ஐந்தொகையும் தாளிலேயே பிறந்து தாளிலேயே முடிகிற சமாசாரம். ஆனால் உயிர்வேதியியலை எப்படித் தபாலில் அனுப்புவது? ஸ்டாம்பு ஒட்டின கவரில் சோதனைக் குழாய் போகாது. அறிவியல் செய்முறைப் பாடங்கள் பெரும்பாலும் கல்லூரிக் கட்டடத்துக்குள்ளேயே தங்கிவிட்டன.

அடுத்தது டெலிவிஷன். 1975 ஆகஸ்ட் 1-ம் தேதி ‘சைட்’ என்கிற திட்டம் ஆரம்பமானது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஒரு வருடத்துக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக ஒளிபரப்பினார்கள். விவசாயம், சுகாதாரம், பள்ளிப்பாடம். உலகமே வியந்து பார்த்த சோதனை. அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. ஆனால் கொழும்பில் ஒரு வீட்டு மாடியில் அந்த ஒளிபரப்பு தெரிந்தது! விஞ்ஞானக் கதை மன்னர் ஆர்தர் சி. கிளார்க்கின் வீடு. இஸ்ரோ பொறியாளர்களே நேரில் போய் டிஷ் ஆண்டெனா மாட்டிக்கொடுத்தார்கள். செயற்கைக்கோள் வழித் தகவல் தொடர்பை 1945-லேயே எழுதிக்காட்டியவருக்கு அது பொருத்தமான மரியாதைதான். ஒரு வருடம் முடிந்தது. இரவல் கொடுத்தவர்கள் செயற்கைக்கோளைத் திரும்ப நகர்த்திக்கொண்டார்கள். கிராமத்துப் பெட்டிகள் மௌனமாயின.

பிறகு நம்முடைய சொந்த இன்சாட் வந்தது. 1984 ஆகஸ்ட் 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் ‘நாடு தழுவிய வகுப்பறை’யை ஆரம்பித்தது. கல்லூரி மாணவர்களுக்கென்றே தயாரித்த நிகழ்ச்சிகள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இதற்கான தயாரிப்பு மையங்கள்கூட வந்தன. நல்ல நிகழ்ச்சிகள். மறுக்கவே முடியாது. சிக்கல் வேறு இடத்தில். நிகழ்ச்சி ஆங்கிலத்தில். தேர்வுக்கான பாடத்திட்டத்தை ஒட்டியதும் அல்ல; பொது அறிவை வளர்ப்பது நோக்கம். நடுவில் சந்தேகம் வந்தால் கை தூக்கலாம். தூர்தர்ஷன் பெட்டிக்கு அது தெரியாது.

இந்தக் குறையையும் தீர்த்துவிடலாம் என்று வந்ததுதான் எடுசாட். 2004 செப்டம்பர் 20. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் தூக்கிக்கொண்டு போனது. கல்விக்காக மட்டுமே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். இதில் மாணவன் திருப்பிக் கேள்வி கேட்கவும் வழி உண்டு. ஆகாயத்தில் எல்லாம் பிரமாதம். தரையில்தான் தகராறு. வலையமைப்பு போடத் தாமதம். ஒளிபரப்ப வேண்டிய பாடங்கள் போதுமான அளவு தயாராகவில்லை. யார் நிர்வகிப்பது என்பதிலும் குழப்பம். 2010-ல் செயற்கைக்கோள் ஓய்வு பெற்றது. 2013-ல் மத்தியத் தணிக்கைத் துறை தன் அறிக்கையில் இதையெல்லாம் வரிசையாக எழுதிவைத்தது. ராக்கெட் விடுவது கஷ்டம், டிஷ் மாட்டுவது சுலபம் என்று நாம் நினைக்கிறோம். இந்த தேசத்தின் அனுபவம் நேர்தலைகீழ்.

இங்கே ஒரு நிமிடம் நிற்போம். அப்படியென்ன இந்த உயிர்வேதியியலுக்குத் திரைமேல் இவ்வளவு பாத்தியதை?

இருக்கிறது. இது கண்ணுக்குத் தெரியாத பொருள்களைப் பற்றிய படிப்பு. தவளையை மேஜையில் வைத்துக் காட்டலாம். செம்பருத்திப் பூவைப் பிய்த்துக் காட்டலாம். ஹீமோகுளோபின் மூலக்கூறை எப்படிக் காட்டுவது? ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, ‘இதுதான் புரோட்டீன்’ என்பார். மாணவன் நோட்டில் ஒரு வட்டம் போட்டுக்கொள்வான். இருவருக்கும் திருப்தி. புரோட்டீன் மட்டும் அங்கே இருக்காது.

இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்டு நிக்கல்சன் என்று ஒரு ஆசிரியர் இருந்தார். நாம் சாப்பிடும் சர்க்கரை உடம்புக்குள் எந்தெந்த வழியாகப் போய் என்னென்னவாக மாறுகிறது என்பதை 1950-களில் ஒரே வரைபடமாகப் போட ஆரம்பித்தார். பெரிய ஊரின் பஸ் ரூட் மேப் மாதிரி இருக்கும். நூற்றுக்கணக்கான ஸ்டாப்பிங், ஏகப்பட்ட ஜங்ஷன். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்து, உலகமெங்கும் உயிர்வேதியியல் துறைகளின் சுவர்களில் அது தொங்கியது. மனிதர் அதோடு ஓயவில்லை. இண்டர்நெட் வந்ததும், ஓய்வு வயதை எப்போதோ தாண்டியிருந்தவர், அதே பாதைகளை அசையும் படங்களாக்கினார். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 2012-ல் காலமானபோது வயது 96.

புரோட்டீன்களின் கதை இன்னும் சுவாரசியம். 1971-ல் அமெரிக்காவில் புரோட்டீன் டேட்டா பேங்க் திறக்கப்பட்டது. வங்கிதான், ஆனால் இருப்பு மூலக்கூறுகளின் வடிவங்கள். ஆரம்ப இருப்பு எவ்வளவு தெரியுமா? ஏழு. வேண்டுமென்று கேட்டு எழுதினால் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்புவார்கள். 2023-ல் இருப்பு இரண்டு லட்சத்தைத் தாண்டியது. இன்றைக்குக் காந்த நாடா வேண்டாம். ஒரு சொடுக்கு போதும். 1990-களில் ரோஜர் சேல் என்கிற இளைஞர் எழுதி இலவசமாக வெளியிட்ட ‘ராஸ்மால்’ மென்பொருள் வந்தபிறகு, சாதாரண கம்ப்யூட்டரிலேயே அந்த மூலக்கூறுகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க முடிந்தது. நோட்டுப்புத்தக வட்டம் முதன்முதலாக உருவம் பெற்றது.

இதில் நம் ஊர்ப் பெருமை ஒன்று உண்டு. இன்றைக்கும் அந்த வங்கியில் ஒரு புரோட்டீன் வடிவத்தைச் சேர்க்க வந்தால், அது சரியா என்று பார்க்கும் சோதனைகளில் முக்கியமான ஒன்றுக்கு ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து போட்டு, 1963-ல் வெளியிட்ட வரைபடம். உலகத்தின் எந்த மூலையில் மாணவன் திரையைத் திறந்து புரோட்டீன் படித்தாலும், கிண்டியிலிருந்து கிளம்பிய ஒரு சங்கதி அவனுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அதே படம் கிண்டியிலிருந்து எடப்புளி நாட்டுக்குப் போக ஏன் இவ்வளவு காலம் என்பதுதான் நம் வருத்தம்.

சரி, இண்டர்நெட்டுக்கு வருவோம். 2001-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடங்களையெல்லாம் இலவசமாக இணையத்தில் போடப்போவதாக அறிவித்தது. உலகமே அதைப் பேசியது. அதற்கு முன்பே, 1999-ல், இந்திய ஐ.ஐ.டி.களில் இதே மாதிரி ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.எஸ். அனந்த் அதன் முன்னோடிகளில் ஒருவர். 2003-ல் மத்திய அரசின் பணம் வந்தது. திட்டத்துக்கு என்.பி.டி.இ.எல். என்று பெயர். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து, முதல் கட்டத்தில் மட்டும் இருநூறுக்கும் அதிகமான பாடங்களைத் தயாரித்தார்கள். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் தேறாத லட்சக்கணக்கானவர்களும் அந்த வகுப்பில் உட்காரலாம் என்பதுதான் இதன் சாரம்.

அதில் உயிர்வேதியியலும் இருந்தது. கரக்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியை ஸ்வாகதா தாஸ்குப்தா எடுத்த வகுப்புகள். அமினோ அமிலத்தில் தொடங்கி, புரோட்டீன், என்சைம் என்று நிதானமாக ஏறிக்கொண்டே போவார். ஆடம்பரமில்லாத வீடியோ. பின்னணி இசை கிடையாது. பாடம் மட்டும். யூட்யூபில் அது ஏறியபிறகு, நல்ல ஆசிரியர் இல்லாத கல்லூரி மாணவருக்கும் ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்தார். பிடிக்கவில்லையென்றால் நிறுத்தலாம். புரியவில்லையென்றால் பத்து முறை திரும்பக் கேட்கலாம். எந்த வகுப்பில் எந்த வாத்தியார் ஒரே விஷயத்தைக் கோபப்படாமல் பத்து முறை சொல்லியிருக்கிறார்?

2014 முதல் இதே திட்டம் தேர்வும் சான்றிதழும் கொடுக்க ஆரம்பித்தது. 2017-ல் ‘ஸ்வயம்’ தளமும், இண்டர்நெட் இல்லாதவர்களுக்காக டி.டி.எச். டிஷ் வழியே ‘ஸ்வயம் பிரபா’ சானல்களும் வந்தன. ஆன்லைனில் படித்த மதிப்பெண்ணைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கலாம் என்றது மானியக் குழு. 2016-ல் 20 சதவீதம் வரை. 2021-ல் 40 சதவீதம் வரை.

ஆக, பாடம் தயார். அப்புறம் என்ன?

பாக்கி இருப்பது செய்முறை. என்சைம் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று படிப்பது ஒன்று. பிப்பெட்டைப் பிடித்து, ஒரு மில்லிலிட்டர் பிசகாமல் விட்டு, நிறம் மாறுவதைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பது வேறொன்று. ஆஸ்பத்திரி லேபில் உங்கள் ரத்தத்தைப் பரிசோதிப்பவர் வீடியோ மட்டும் பார்த்துப் படித்தவர் என்றால் கையை நீட்டுவீர்களா?

இதற்கும் ஒரு முயற்சி நடந்தது. 2009-ல் மத்திய அரசு தகவல் தொழில்நுட்பம் வழியாகக் கல்வி என்றொரு தேசியத் திட்டம் போட்டது. அதன் பகுதியாக ‘விர்ச்சுவல் லேப்’கள், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஆய்வுக்கூடம். உயிர் அறிவியல் பக்கத்தைக் கவனித்துக்கொண்டது கோவை எட்டிமடையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம். ரத்த சர்க்கரையை அளப்பது, நின்ஹைட்ரின் போட்டு அமினோ அமிலம் கண்டுபிடிப்பது, எண்ணெயின் அயோடின் எண் பார்ப்பது எல்லாமே திரையில். மௌஸால் பிப்பெட்டை நகர்த்தினால் கரைசல் இறங்கும். நிறம் மாறும். எண் வரும். அதை வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

நல்ல விஷயமா? நிச்சயமாக. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல வழியில்லை. கண்ணாடி உடையாது. அமிலம் சிந்தாது. ஆயிரம் முறை செய்தாலும் ரசாயனச் செலவு பூஜ்யம். ஆனால் ஒத்திகையே நாடகமாகிவிடாது. நிஜ ஆய்வுக்கூடத்தில் என்சைம் வெயிலில் கெட்டுப்போகும். கரன்ட் போனால் ஃப்ரிட்ஜில் வைத்த ரசாயனம் வீணாகும். கை நடுங்கும். வர வேண்டிய நிறம் வராது. ஏன் வரவில்லை என்று யோசிக்கிற அந்த அரைமணி நேரத்தில்தான் பாதி உயிர்வேதியியல் தலைக்குள் போகிறது. திரையில் அந்த அரைமணி நேரம் கிடைக்காது.

இத்தனைக்கும் ஒட்டுமொத்தப் பரீட்சை ஒன்று வந்தது. 2020 மார்ச். கொரோனா. கல்லூரிகளை இழுத்து மூடினார்கள். ஒரே வாரத்தில் எல்லாரும் ஆன்லைன் வாத்தியார், எல்லாரும் ஆன்லைன் மாணவர். தமிழ்நாட்டில் 2011 முதல் பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்திருந்தது அப்போது கைகொடுத்தது. 2021 ஜனவரியில், ஏப்ரல் வரைக்கும் தினமும் 2 ஜி.பி. டேட்டா தருகிற கார்டு இலவசம் என்று மாநில அரசு அறிவித்தது. 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு. சாதாரணக் காரியமல்ல.

ஆனால் டேட்டா கார்டு டவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவதில்லை. அதே 2021-ல் ராசிபுரம் பக்கம், கொல்லிமலை அடிவாரக் கிராமப் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறி, கிளையில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்ட படம் பத்திரிகைகளில் வந்தது. அடிவாரத்திலேயே ஆலமரம் என்றால், எழுபது வளைவுக்கு மேலே மலையின் மடிப்புகளுக்குள் இருக்கிற சிற்றூரில் என்ன கதி? பாடம் இலவசம். லேப்டாப் இலவசம். டேட்டா இலவசம். சிக்னல் மட்டும் இல்லை. அந்தப் பிள்ளைகள் மரத்தில் ஏறியது விளையாட்டுக்கு அல்ல. படிப்பு விட்டுப்போனால் அடுத்த நாளே வேலைக்குப் போகச் சொல்லக் காத்திருக்கும் வீடுகள் உண்டு என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு மேடும் இருக்கிறது. மொழி. மலைப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் கரக்பூர் வீடியோவின் ஆங்கிலம் இன்னொரு எழுபது கொண்டை ஊசி வளைவு. 1960, 70-களில் தமிழ்நாட்டில் கல்லூரி அறிவியலுக்குத் தமிழில் பாடநூல்கள் போட்டார்கள். பிறகு அந்த வேகம் தணிந்தது. அண்மை வருடங்களில் என்.பி.டி.இ.எல். தன் பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தருகிறது. தாமதம்தான். ஆனால் சரியான திசை.

கடைசியாகக் கொஞ்சம் கணக்கு. பழக்க தோஷம், விட மாட்டேன் என்கிறது. வீடியோ பாடத்துக்கு முதல் பிரதிக்குத்தான் செலவு. இரண்டாவது பிரதியிலிருந்து இலவசம் மாதிரி. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் செலவு பெரிதாக ஏறாது. அதனால்தான் அரசாங்கங்களுக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். ஆய்வுக்கூடம் அப்படியல்ல. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பிப்பெட், ஒரு மேஜை, கொஞ்சம் ரசாயனம். சந்தேகம் தீர்க்கிற ஆசிரியரும் அப்படியே. ஒருவரால் முப்பது பேரைப் பார்க்க முடியும். முப்பதாயிரம் பேரைப் பார்க்க முடியாது. தபால் முதல் ஸ்வயம் வரைக்கும் அறுபது வருடமாக நாம் மலிவான பாதியைத் திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறோம். விலை கூடின பாதியை அடுத்த பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறோம்.

இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் நடந்ததற்கு நம்மிடமே உதாரணம் உண்டு. என்.பி.டி.இ.எல். பாடங்களுக்குக் கல்லூரிகளில் கிளை மையம் வைத்தார்கள். அங்கே ஒரு ஆசிரியர் பொறுப்பெடுத்து மாணவர்களை விரட்டிப் படிக்கவைப்பார். தேர்வுக்கு நேரில் போய் உட்கார வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இதில் ஆர்வமாகச் சேர்ந்தன. வீடியோ எங்கிருந்தோ வரலாம். ‘ஏன்ப்பா, போன வாரப் பாடம் பார்த்தியா?’ என்று கேட்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கொல்லிமலைக்கும் கேட்க வேண்டியது அவ்வளவுதான். மலைமேல் பதினான்கு நாட்டுக்கும் பொதுவாக ஒரு கூடம். நம்பகமான இணைப்பு, ஜெனரேட்டர், ஒரு சிறிய ஆய்வுக்கூடம், தமிழில் விளக்கிச் சொல்ல ஒரே ஒரு ஆசிரியர். முதல் செய்முறைக்கு ரசாயனக் கம்பெனிக்கு ஆர்டர் போட வேண்டியதில்லை. வாசலிலேயே மரவள்ளி நிற்கிறது. ஓர் இலையைக் கசக்கிச் சோதனைக் குழாயில் போட்டு, பிக்ரேட் தாளை மேலே தொங்கவிட்டு மூடினால், மஞ்சள் தாள் மெல்லச் செம்பழுப்பாகும். ஆடு ஏன் செத்தது என்று பாட்டி சொன்னதற்கு என்சைம் சாட்சி சொல்லும்.

இதற்கு ராக்கெட் வேண்டியதில்லை. அதைத்தான் நாம் ஏற்கெனவே விட்டுப் பார்த்துவிட்டோமே.